திருத்தணியில் ஏழு ரவுண்டு

அரக்கோணத்தைத் தாண்டியதும் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காட்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே போய்விடும். மற்றொன்று வடக்கே திரும்பி, திருத்தணியைத் தொட்டுக்கொண்டு ரேணிகுண்டாவுக்குப் போகும். மூர் மார்க்கெட் வளாகத்தில் கிளம்பும் புறநகர் ரயிலில் திருத்தணிவரை உட்கார்ந்திருப்பவர்களை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்: மொட்டை போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பம், காவி வேட்டிக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்பும் கம்பெனித் தொழிலாளர்கள். அந்த மார்கழி ஞாயிறு வேறொரு கூட்டமும் சேர்ந்திருந்தது. முதுகுப்பையிலிருந்து சுருட்டிய வினைல் செஸ் போர்டு நீட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்.

எதிர் இருக்கையில் ஓர் அம்மா, தன் எட்டு வயதுப் பையனை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். “இத்தாலியன்ல மூணாவது மூவ் என்ன? அவன் பிஷப்பைக் கொண்டுவந்தா நீ என்ன ஆடுவே?” பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். என் பக்கத்தில் இருந்த அக்கா மகன் மெதுவாகக் கேட்டான்: “மாமா, இத்தாலியன்னா என்ன?” ஆட்டத்தைத் தொடங்குகிற முறைகளில் ஒன்று என்றேன்.

அவனுக்குப் பதினோரு வயது. பள்ளியில் செஸ் வகுப்பில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தன் வயதுப் பிள்ளைகளை எல்லாம் ஜெயித்துவிட்டான். செல்போனிலும் ஆடுகிறான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து, கைகொடுத்து, நடுவரை வைத்துக்கொண்டு ஆடியது கிடையாது. சென்னையிலேயே வாராவாரம் போட்டி நடக்கும்போது திருத்தணிக்கு எதற்கு என்று அக்கா கேட்டாள். முதல் போட்டிக்குச் சின்ன ஊர்தான் நல்லது என்பது என் கட்சி. அப்படியே முருகன் கோயில் மலைக்கும் போய்விட்டு வரலாம் என்றதும் சம்மதித்துவிட்டாள்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் காலி. அரையாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும். வெளியூர்களில் செஸ் போட்டி நடத்துகிறவர்களுக்கு இதைவிடத் தோதான மாதம் இல்லை.

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி ம.பொ.சி. சாலை எங்கே என்று விசாரித்தால் பதில் தமிழிலும் வரும், தெலுங்கிலும் வரும். ம.பொ.சி.யின் பேரில் இங்கே சாலை இருப்பதற்குக் காரணம் உண்டு. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்த்துத் திருத்தணியும் அங்கே போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் கமிஷன், பிறகு எல்லை மாற்றச் சட்டம் என்று எல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பதிலாகச் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. கோடு போட்டாயிற்று; ஆனால் ஜனங்கள் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. நகரியிலும் புத்தூரிலும் இருக்கிறவர்களுக்குத் திருத்தணி பக்கத்து ஊர். விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, நகரி எல்லாம் ஒரே தொழில், ஒரே பேச்சு.

போட்டி நடந்த கல்யாண மண்டபத்திலும் அதுதான் நிலவரம். மணமக்கள் உட்காரும் மேடையில் கோப்பைகள் வரிசையாக நின்றன, சின்னதிலிருந்து பெரியதுவரை. கீழே சாப்பாட்டுப் பந்தி மேஜைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டு, வினைல் போர்டு விரித்து, காய்களை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு போர்டுக்கும் அட்டையில் எண். மைக்கில் அறிவிப்பு முதலில் தமிழில், பிறகு அதுவே தெலுங்கில். “பெற்றோர்கள் தயவுசெய்து வெளியே போங்க. செல்போனை ஆஃப் பண்ணுங்க.” பெற்றோர்கள் வெளியே போனார்கள், போய் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசி போர்டுகளில் கடிகாரம் இல்லை. சின்ன ஊர்ப் போட்டிகளில் இது சகஜம். நல்ல ஆட்டக்காரர்கள் உட்காரும் முதல் சில போர்டுகளுக்கு மட்டும் டிஜிட்டல் கிளாக் வைப்பார்கள். மற்றவர்கள் நேரக் கணக்கு இல்லாமல் தொடங்குவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் முடியாத ஆட்டத்துக்கு மட்டும் நடுவர் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுப்பார். அதற்குத் தேவையே வராது. பிள்ளைகளின் முதல் ரவுண்டு பத்து நிமிடத்தில் பாதி முடிந்துவிடும்.

எங்கள் பையனின் முதல் ஆட்டம் அதற்கும் முன்னால் முடிந்தது. ரயிலில் பார்த்த அதே எட்டு வயதுக்காரன்தான் எதிராளி. இத்தாலியன் எல்லாம் ஆடவில்லை. ராணியை விருட்டென்று வெளியே கொண்டுவந்து, பிஷப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நாலாவது மூவில் மேட். தொடக்கத்தில் எஃப்7 கட்டத்துச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. ராணியும் பிஷப்பும் சேர்ந்து அதைக் குறிவைத்தால் கதை முடிந்தது. தெரிந்தவனுக்கு ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் போதும், ராணி பின்வாங்கியாக வேண்டும். அதற்குப் பிறகு ராணியைத் துரத்திக்கொண்டே தன் காய்களை வெளியே கொண்டுவந்துவிடலாம். தெரியாதவன் இதில் ஒருமுறை விழுந்தே ஆகவேண்டும். அன்று அந்த மண்டபத்தில் இதே மேட்டில் குறைந்தது நாலைந்து பிள்ளைகளாவது விழுந்திருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற முகங்களைப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

இந்தப் பொறியைச் சொல்லிக்கொடுத்துப் போட்டிக்கு அனுப்புகிற பயிற்சியாளர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. முதல் இரண்டு மூன்று போட்டிகளில் கோப்பை வாங்கித் தரும்; பெற்றோர் பீஸ் கட்டுவார்கள். எதிராளிக்கு அது தெரிந்த நாளிலிருந்து அந்தக் குழந்தைக்கு ஆட வேறெதுவும் இருக்காது.

பையன் வெளியே வந்தான். “முடிஞ்சுதா மாமா? வீட்டுக்குப் போலாமா?”

போக வேண்டியதில்லை என்பதுதான் செஸ் போட்டியின் அழகு. கபடி, கேரம், டென்னிஸ் என்று எதில் பார்த்தாலும் பெரும்பாலும் தோற்றவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். செஸ்ஸில் நாக் அவுட் அபூர்வம். இங்கே நடப்பது சுவிஸ் முறை. 1895-ல் சூரிச்சில் நடந்த ஒரு போட்டியில் முதன்முதலாகப் பயன்படுத்திய ஏற்பாடு. முதல் ரவுண்டில் பட்டியலைத் தகுதி வரிசைப்படி மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்து மோதவிடுவார்கள். இரண்டாவது ரவுண்டிலிருந்து ஜெயித்தவன் ஜெயித்தவனோடு, தோற்றவன் தோற்றவனோடு. ஒருமுறை ஆடியவரோடு மறுபடி ஆடக் கூடாது. ஏழு ரவுண்டு ஆடினால், நூற்றுச் சொச்சம் பேரில் முதலாவது யார் என்று தேறிவிடும். யாரும் வெளியே போக மாட்டார்கள். முதல் பரிசு வாங்குகிறவனும் ஏழு ஆட்டம் ஆடுவான், கடைசியில் நிற்பவனும் ஏழு ஆட்டம் ஆடுவான். இன்னொரு சௌகரியம்: தோற்கத் தோற்க உங்கள் அளவுக்கே ஆடுகிற ஆள் எதிரே வந்து உட்காருவார். கற்றுக்கொள்ள வந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தக் காலத்துச் சென்னையில் இது இப்படி இல்லை. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972-ல் சோவியத் கலாசார மையத்தில் மிகைல் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் போய் ஆடினான். போர்டுகள் குறைவு, ஆட்கள் அதிகம். ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்துபோய் வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும். மறுபடி முறை வர எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனந்தின் மின்னல் வேகத்துக்கு அந்த வரிசையும் ஒரு காரணம் என்பார்கள். ஆனந்த் மாதிரி ஒருவனுக்கு அந்தக் கெடுபிடி சரி. எழுந்துபோய் நின்றவர்களில் எத்தனை பேர் அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் வராது.

“இன்னும் ஆறு ஆட்டம் இருக்குடா” என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. யாரோடு யார் என்று சுவரில் ஒட்டிய பெயரிங் தாளில் தன் பெயரைப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

இரண்டாவது ரவுண்டில் ஜெயித்தான். மூன்றாவதில் எதிரே நகரியிலிருந்து வந்த ஒரு பெண், அவன் வயதுதான் இருக்கும். இரட்டைப் பின்னல், கழுத்தில் முந்தைய போட்டி ஒன்றின் மெடல். நான் ஜன்னலில் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போனது. பிறகு பையன் யானையைத் தொட்டான். தொட்டு, அரை அங்குலம் தூக்கினான். அப்போதுதான் அவள் பிஷப் மூலையிலிருந்து தன் ராணியைப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் கண்ணில் பட்டது. யானையை வைத்துவிட்டு ராணிக்குக் கையைக் கொண்டுபோனான். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் கையை உயர்த்தினாள்.

நடுவர் வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு பேர் முகத்தையும் சமமாகப் பார்த்தார். “ஏமைந்தம்மா?”

“யானையைத் தொட்டுட்டான் சார். இப்ப ராணியை எடுக்கறான். டச் மூவ்.”

“தொட்டியா தம்பி?”

ஜன்னலில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் “இல்லன்னு சொல்லுடா” என்று தனக்குத்தானே முனகினார். யாரோ ஒருவர் பிள்ளைக்காக!

“தொட்டேன் சார்.”

“அப்ப யானைதான் ஆடணும்.”

விதி அவ்வளவுதான். வேண்டுமென்றே தொட்ட காய்க்கு முறையான நகர்வு ஒன்று இருந்தால் அதைத்தான் ஆட வேண்டும். கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரி செய்ய வேண்டுமென்றால் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நம் பிள்ளைகள் “அட்ஜஸ்ட்” என்பார்கள். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமானால் வெட்டியாக வேண்டும். செல்போனில் ஆடிப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய இடி. அங்கே விரலை எடுக்கும்வரை யோசிக்கலாம். தப்பான மூவ் என்றால் திரையே அனுமதிக்காது. மேஜையில் கை முந்திக்கொள்கிறது. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு யோசி என்று பழைய வாத்தியார்கள் சொன்னது சும்மா இல்லை.

பையன் யானையை ஏதோ ஒரு கட்டத்தில் வைத்தான். ராணி போயிற்று. அதற்குப் பிறகும் விடாமல் ஆடித்தான் தோற்றான். கைகொடுத்துவிட்டு வெளியே வந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: “அவ பொய் சொல்லல மாமா.”

அவன் அழவில்லை. அழுத பிள்ளைகள் இருந்தார்கள், அதில் தப்பே இல்லை. அழுகிற பிள்ளையை வாசலில் நிறுத்தி, நாலு பேர் பார்க்க, “இதுக்கா மாசாமாசம் பணம் கட்டறேன்” என்று கேட்கிற பெரியவர்களைத்தான் சகிக்க முடியவில்லை. அந்தக் குழந்தைக்கு அடுத்த ரவுண்டு இருபது நிமிடத்தில். அதற்குள் ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

மதியம் எலுமிச்சைச் சாதமும் தயிர் சாதமும் பொட்டலம். மண்டபத்துத் திண்ணையில் பெற்றோர் சபை கூடியது. அங்கே பேச்சு குகேஷிடம்தான் வந்து நிற்கும் என்று தெரியும், நின்றது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்து, பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆன இரவே ஒரு சின்ன இழுபறி நடந்தது, நினைவிருக்கும். மு.க. ஸ்டாலின் தமிழ்நாட்டின் பெருமை என்று வாழ்த்தினார். சந்திரபாபு நாயுடு நம் தெலுங்குப் பிள்ளை என்று வாழ்த்தினார். சமூக ஊடகத்தில் இரண்டு பக்கமும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். குகேஷ் சென்னையில் பிறந்து சென்னையில் வளர்ந்த பிள்ளை, தெலுங்கு பேசும் குடும்பம். இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று திருத்தணிக்காரர்களுக்குப் புரியவே இல்லை. “எங்க வீட்ல மூணு பேரு அப்படித்தான் சார் இருக்கோம்” என்றார் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்த தறிக்காரர் ஒருவர். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டா ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வந்த இன்னொருவர், ஊர்ப் பெயரை முழுசாகச் சொல்வதற்குள் பிள்ளை அடுத்த ரவுண்டு போய்விடுவான் என்று சிரித்தார். ரயில் நிலையப் பெயர்களில் நீளமானவற்றுள் ஒன்று அது. பொன்பாடியைத் தாண்டினால் வந்துவிடும்.

தறிக்காரருக்கு நிஜமான கேள்வி வேறு. “ரேட்டிங் எப்ப சார் வரும்?”

இந்தப் போட்டியில் வராது என்றேன். இது ரேட்டிங் இல்லாத போட்டி. சர்வதேச ரேட்டிங் வேண்டுமானால் செஸ் சங்கத்தில் பதிவு செய்துகொண்டு, அதற்கென்று அங்கீகரித்த போட்டிகளில், ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். அதில் கிடைக்கும் கணக்கு 1400-ஐத் தொட்டால்தான் பட்டியலில் பெயர் வரும். முன்பு 1000 இருந்தாலே போதும். 2024 மார்ச்சில் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே அந்த அடிமட்டத்தை உயர்த்திவிட்டது. அப்போது 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கைக் கூட்டிக் கொடுத்தார்கள். 1000 இருந்தவர் 1400 ஆனார், 1500 இருந்தவர் 1700 ஆனார். ராத்திரி தூங்கி எழுந்தால் நானூறு புள்ளி கூடியிருந்தது, ஆட்டம் அதேதான். ரேட்டிங் என்பது அவ்வளவுக்குத்தான் பொருள்படும் என்று சொல்லப் போனேன். அவர் மனம் அதில் இல்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் அவர் மகன் கையில் இருந்த ஒரு பொருளை அவருக்கே காட்ட வேண்டியிருந்தது. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. வேகமாக ஆடும் ரேபிட் போட்டிகளில் ஆட்டத்தை எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தப் பையன் எழுதியிருந்தான், பென்சிலில், இரண்டு பத்தியாக, வெள்ளை ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கம். நடுவில் எங்கோ ஒரு மூவை விட்டுவிட்டு அம்புக்குறி போட்டுச் சேர்த்திருந்தான். தோற்ற ஆட்டத்தின் கீழே ஒரு வரி: “குதிரை இருந்ததைப் பார்க்கலை.” எந்தப் பயிற்சியாளரும் மாதக் கட்டணத்துக்கு இதைவிட நல்ல பாடம் தர முடியாது. தொடக்கநிலையில் ஆட்டங்கள் தோற்பது நுட்பமான காரணங்களால் அல்ல. காயைச் சும்மா விட்டுவிடுவதால், அல்லது எதிராளி சும்மா விட்ட காயைப் பார்க்காமல் போவதால். ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் “அவன் எதுக்கு இப்படி ஆடினான்?” என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிற பழக்கம் வந்தால் போதும், பாதிப் பேரைத் தாண்டிவிடலாம். அந்தப் பழக்கம் புத்தகத்தில் வராது. தோற்ற ஆட்டங்களைத் திரும்ப ஆடிப் பார்க்கும்போதுதான் வரும்.

கம்ப்யூட்டரில் போட்டால் சொல்லிவிடுமே என்பார்கள். சொல்லும், ஆனால் அதன் வாயால் சொல்லும். குகேஷுக்கு அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா 2500 ரேட்டிங் பக்கம் போகும்வரை கம்ப்யூட்டர் துணையே வேண்டாமென்று வைத்திருந்தார். கணக்குப் போட மூளை பழக வேண்டும் என்பது நோக்கம். 2500 வரை! நம் வீடுகளில் 500 தாண்டாத பிள்ளைக்கு ஒவ்வொரு மூவுக்கும் பச்சை, சிவப்பு என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மத்தியான ஆட்டங்கள் மெதுவாகப் போயின. காலையின் நாலு மூவ் வித்தைகள் ஓய்ந்து, ஏறக்குறைய ஒரே தரத்து ஆட்கள் எதிரெதிரே வந்துவிட்டார்கள். இப்போது ஜன்னலில் வேறொரு காட்சி. கடைசி வரிசையில் ஒரு பையனிடம் ராஜாவும் யானையும். எதிராளியிடம் ராஜா மட்டும். ஜெயித்த ஆட்டம். ஆனால் அவன் செக் வைக்கிறான், ராஜா நகர்கிறது, செக் வைக்கிறான், ராஜா நகர்கிறது. யானையால் ஒரு வரிசையை அடைத்து, தன் ராஜாவைக் கூடவே நடத்திக்கொண்டுபோய், எதிராளியின் ராஜாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ள வேண்டும். நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று ஒரு வாரம் பழகினால் ஜென்மத்துக்கும் மறக்காது. இவனுக்கு அது தெரியாது. ஆனால் தொடக்க மூவ்கள் எட்டுவரை தெரியும், காலையில் நானே கேட்டேன். இன்னொரு மேஜையில் ஒரு பெண் ராணியை வைத்துக்கொண்டு எதிராளியின் ராஜாவை நகரவிடாமல் பூட்டிவிட்டாள், செக் இல்லாமல். ஸ்டேல்மேட். டிரா. எதிராளி துள்ளிக் குதித்தான்; அவளுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை.

ஆட்டத்தைக் கடைசியிலிருந்து கற்பிக்க வேண்டும் என்று பெரிய ஆசான்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். கியூபாவின் காப்பபிளாங்கா சொன்னதும் அதுதான். நம் ஊரில் முதலில் விற்பனையாவது ஓப்பனிங்தான். ஆனால் குகேஷின் உலக சாம்பியன் பட்டப் போட்டி எப்படி முடிந்தது என்று பாருங்கள். பதினாலாவது ஆட்டம், டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது மூவில் டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானையை மாற்றிக்கொண்டார், பிஷப்பையும் மாற்றிக்கொள்ள வைத்தார். பலகையில் மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58-வது மூவில் ஆட்டம் முடிந்தது. ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருந்தால் யார் ஜெயிப்பார்கள் என்பது தொடக்கநிலைப் புத்தகத்தில் முதல் அத்தியாயம்.

ஏழு ரவுண்டு முடிவில் பையனுக்கு மூன்று புள்ளி. கோப்பை இல்லை, எல்லோருக்கும் கொடுக்கும் மெடல் உண்டு. எல்லோருக்கும் மெடல் கொடுப்பதை நான் கேலி செய்கிறவன். அவன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மலை ஏறியதைப் பார்த்த பிறகு அந்தக் கேலியைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

மலைக்குப் படி 365, நாளுக்கு ஒன்றாக ஒரு வருஷக் கணக்கு. மேலே வண்டிப் பாதையும் இருக்கிறது, ஆனால் பையன் படிதான் என்றான். டிசம்பர் 31 ராத்திரி இங்கே படித் திருவிழா. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து எலுமிச்சம்பழம் கொடுத்து வாழ்த்துச் சொல்லப் போனவர்களை, தணிகைத் துரையைப் பார்க்கப் போங்கள் என்று திருப்பிவிட்டாராம். ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறுவார்கள். அதற்கு இன்னும் சில நாட்களே இருந்ததால் படியோரங்களில் பந்தல் கம்பு குவித்திருந்தார்கள். குரங்குகள் எங்கள் பையைப் பார்த்தன; உள்ளே செஸ் காய்கள்தான் என்று எப்படிப் புரியவைப்பது?

சந்நிதியில் கூட்டம் மிதமாக இருந்தது. வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்து பையனுக்கு முத்துசுவாமி தீட்சிதர் கதையைச் சொன்னேன். இந்த மலையில் தியானத்தில் இருந்தபோது ஒரு கிழவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கல்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார் என்பது ஐதீகம். கண் திறந்த தீட்சிதர் பாடியது ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’, அவருடைய முதல் கீர்த்தனை. ராகம் மாயாமாளவகௌளை.

“அது அக்காவோட சரளி வரிசை ராகம் மாமா” என்றான். அவன் அக்கா பாட்டு வகுப்புக்குப் போகிறாள்.

ஆமாம். சரளி வரிசையில் தொடங்கும் எந்தக் குழந்தைக்கும் அதுதான் ராகம். தெய்வமே வந்து கல்கண்டு கொடுத்த பிறகும், தீட்சிதர் முதல் பாட்டுக்கு அரிய ராகம் ஒன்றையும் தேடிப் போகவில்லை. இந்த ஊரில் 1888-ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் இங்கே கீழே உள்ள பள்ளியில் படிக்கத் தொடங்கித்தான் திருப்பதிக்கும் வாலாஜாவுக்கும் போனார். அவருடைய பிறந்தநாளை நாடே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. குகேஷுக்கு ஏழு வயதில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்த பள்ளி வாத்தியாரை எத்தனை பேருக்குத் தெரியும் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். பதில் எனக்குத் தெரிந்ததுதான்.

ஸ்டேஷனுக்கு வந்தபோது நகரிப் பெண்ணும் அவள் அப்பாவும் ரேணிகுண்டா பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருந்தார்கள். எங்கள் வண்டிக்கும் நேரம் இருந்தது. அவள்தான் முதலில் வந்தாள். “ஆ கேம் செட் பண்ணு, ஒண்ணு காட்றேன்” என்று இரண்டு பாஷையையும் கலந்து சொல்லி, பெஞ்சில் போர்டை விரிக்க வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஞாபகப்படுத்தி, ஒரு சிப்பாய் எங்கே இருந்தது என்று சண்டை போட்டு, கடைசியில் அந்த நிலையைக் கொண்டுவந்துவிட்டார்கள். மூலையில் அவள் பிஷப், நடுவில் இவன் ராணி, இவன் தொட்ட யானை.

“யானைதானே ஆடணும்? இங்க வை.”

கடைசி வரிசையில் வைத்தாள். செக். அவள் ராஜா நகர்ந்தாக வேண்டும், அல்லது குறுக்கே எதையாவது வைத்தாக வேண்டும்; அந்த மூவில் ராணியை வெட்ட முடியாது. அடுத்த மூவில் இவன் ராணி எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

பையன் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப உனக்கு இது தெரிஞ்சுதா?”

“கை தூக்கினப்பவே தெரியும். நீ வெச்சிடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன்.”

அவள் அப்பா வண்டி வருகிறது என்று தெலுங்கில் கூப்பிட்டார். பையன் என்னிடம் பேனா கேட்டான், எழுதத் தாள் இல்லை. ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதப் போனவனைத் தடுத்து, என் பையிலிருந்த பிரசாதப் பொட்டலத்துக் காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

“எந்தக் கட்டம்? இன்னொரு தடவை சொல்லு” என்று அவள் பின்னாலேயே ஓடினான்.